கடிதப் பெட்டியின் சாவி யாரிடம்?

2025 அக்டோபரில் ஒரு செய்தி எல்லா நாளிதழ்களிலும் வந்தது. மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஜோஹோ நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறிவிட்டது என்பதுதான் செய்தி. எங்கள் சங்கரன்கோவிலில் இதைப் பற்றிப் பேசாதவர்கள் குறைவு. காரணம் இருக்கிறது. ஜோஹோ 2011-இல் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. அப்போது நாங்கள் எல்லாரும் திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது சங்கரன்கோவிலும் அதோடு சேர்ந்தது. ஆகவே டெல்லி அதிகாரிகளின் கடிதப் போக்குவரத்து "நம்ம மாவட்டத்துக்காரங்க" மென்பொருளில் நடக்கிறது என்று ஒரு பெருமை!

பெருமை நியாயமானதுதான். ஆனால் செய்தியைப் படித்ததும் எனக்கு வேறொரு கேள்வி வந்தது. இத்தனை பேர் மாறினார்களே, ஒருவருடைய முகவரியாவது மாறியதா? இல்லை. முன்பிருந்த அதே என்.ஐ.சி., கவ்.இன் முகவரிகள்தான். மென்பொருள் மாறியது, முகவரி மாறவில்லை. இது எப்படி முடிந்தது என்று யோசித்தபோதுதான் மின்னஞ்சல் சர்வர் தேர்ந்தெடுப்பதன் வரலாறு முழுவதையும் இந்தக் கோணத்திலிருந்து பார்க்கலாமே என்று தோன்றியது.

எனக்குத் தெரிந்த ஒரு சிறிய அலுவலகத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அங்கே பல வருடங்களாக ஒரு கணக்குப்பிள்ளை தன் பெயரில் தொடங்கிய இலவச மின்னஞ்சல் கணக்கில்தான் எல்லா ஆர்டரும், ரசீதும், வங்கிக் கடிதமும் வந்துபோயின. அவர் வேலையை விட்டுப் போனார். கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று. மீட்டெடுக்கும் தொலைபேசி எண்ணும் அவருடைய பழைய எண். அந்த அலுவலகத்தின் ஐந்தாறு வருட நினைவு ஒரே நாளில் காணாமல் போனது. இதில் எந்த நிறுவனத்தையும் குறை சொல்ல முடியாது. கணக்குத் தொடங்கிய அன்று யாரும் "இதிலிருந்து வெளியே வருவது எப்படி?" என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மின்னஞ்சல் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தவர்கள் வசதி, விலை, பாதுகாப்பு என்று பலதும் பார்த்தார்கள். ஆனால் காலம் கடந்து நின்றது எது என்று பார்த்தால், வெளியே வர வழி வைத்திருந்த தேர்வுகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் கதையாகச் சொல்லப் போகிறேன்.

மும்பையும் மெட்ராஸும்

மின்னஞ்சல் பிறந்தது 1971-இல். ரே டாம்லின்சன் என்ற பொறியாளர் அர்ப்பாநெட் வலையில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பினார். @ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே.

இந்தியாவுக்கு அது வந்தது எர்நெட் வழியாக. 1986-இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய கல்வி ஆராய்ச்சி வலை இது. ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பையின் என்.சி.எஸ்.டி., டெல்லியில் மின்னணுத் துறை என்று எட்டு இடங்கள். அந்த ஐந்து ஐ.ஐ.டி.களில் மெட்ராஸும் ஒன்று. என்.சி.எஸ்.டி.யை நடத்தியவர் சீனிவாசன் ரமணி. முதலில் நிரந்தர இணைப்பெல்லாம் கிடையாது. ஒரு யூனிக்ஸ் கணினி இன்னொன்றுக்குத் தொலைபேசியில் டயல் செய்யும், சேர்ந்திருக்கும் கடிதங்களை மொத்தமாகக் கொடுத்து வாங்கிக்கொள்ளும், போனை வைத்துவிடும். இதற்குப் பயன்பட்டது யூயூசிபி என்ற மென்பொருள். பெல் ஆய்வகத்தில் எழுதப்பட்டு, 1979-இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸோடு வெளிவந்தது. கிராமத்துத் தபால்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது மாதிரிதான்.

பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலம். அந்தக் காலத்து மலிவான கணக்கில் படமெல்லாம் தெரியாது. விஎஸ்என்எல்லின் யூனிக்ஸ் சர்வருக்குள் நுழைந்து, கறுப்புத் திரையில் 'பைன்' என்ற மென்பொருளில் கடிதம் படிக்க வேண்டும். சென்னைக்காரர்களின் முகவரியில் @ குறிக்குப் பின்னால் 'ஜியாஸ்எம்டி01' என்று சர்வரின் பெயரே ஒட்டிக்கொண்டிருக்கும். எம்டி என்றால் மெட்ராஸ்! அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்து வைத்திருந்தவர்கள் நிறைய. 2002-இல் விஎஸ்என்எல் டாடா குழுமத்தின் கைக்குப் போனது, 2008-இல் பெயரும் மாறியது. அந்த விசிட்டிங் கார்டுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. அடுத்தவர் வீட்டு முகவரியை நம் முகவரியாக அச்சடித்தால் இதுதான் கதி.

செண்ட்மெயில் ராஜ்யம்

இனி சர்வருக்குள் போவோம். 1970களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஒரு தலைவலி. அங்கே அர்ப்பாநெட் ஒருபக்கம், யூயூசிபி ஒருபக்கம், பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பெர்க்நெட் என்று இன்னொன்று. அர்ப்பாநெட் முகவரியில் ஆள் முதலில், ஊர் பிறகு. யூயூசிபி முகவரியில் வழியில் இருக்கும் கணினிகள் எல்லாம் ஆச்சரியக்குறி போட்டு வரிசையாக வரும், ஆள் கடைசியில். எது சரி என்று சண்டை.

எங்கள் ஊர்த் தல புராணத்தில் சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள், சிவன் பெரியவரா விஷ்ணு பெரியவரா என்று வாதாடுவார்கள். கோமதி அம்மன் தவமிருக்க, சுவாமி சங்கரநாராயணராக ஒரே உருவில் காட்சி கொடுத்துச் சண்டையைத் தீர்ப்பார். ஆடித்தபசு அதைத்தான் கொண்டாடுகிறது. பெர்க்லியில் அந்தக் காட்சியைக் கொடுத்தவர் எரிக் ஆல்மன் என்ற மாணவர். 1979-இல் அவர் எழுதிய டெலிவர்மெயில் வளர்ந்து 1983-இல் பெர்க்லி யூனிக்ஸோடு செண்ட்மெயிலாக வெளிவந்தது. எந்த வடிவ முகவரி வந்தாலும் மாற்றி எழுதி அடுத்த வலைக்குள் தள்ளிவிடும். யூனிக்ஸ் போன இடமெல்லாம் அதுவும் போனது. மூல நிரலும் கூடவே கிடைத்தது.

ஆனால் இத்தனை வளைந்துகொடுக்கும் மென்பொருளின் அமைப்புக் கோப்பைப் படிப்பது லேசுப்பட்ட காரியமல்ல. அதற்கென்று ஓரெய்லி வெளியிட்ட புத்தகம் பிந்தைய பதிப்புகளில் ஆயிரம் பக்கத்தைத் தாண்டியது. பாதுகாப்பும் பிரச்சினை. 1988 நவம்பர் 2 அன்று இணையத்தை ஸ்தம்பிக்க வைத்த மோரிஸ் வார்ம் நுழைந்த வாசல்களில் ஒன்று, செண்ட்மெயிலில் சோதனைக்காக விட்டுவைத்திருந்த ஒரு வசதி.

இங்கேதான் முதல் பாடம் வருகிறது. செண்ட்மெயில் பிடிக்காதவர்கள் அதை விட்டுப் போக முடிந்ததா? முடிந்தது, சுலபமாகவே. ஏனென்றால் சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழி செண்ட்மெயிலின் சொத்து அல்ல. அது எஸ்எம்டிபி. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் ஆர்எஃப்சி 821 என்ற ஆவணமாக வெளியிட்டார், யார் வேண்டுமானாலும் படித்து எழுதலாம். அப்படியே எழுதினார்கள். 1995-இல் கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் எக்ஸிம் எழுதினார். அதே வருடம் டேனியல் பெர்ன்ஸ்டைன் கியூமெயிலைத் தொடங்கினார். 1998-இல் ஐபிஎம் ஆய்வகத்திலிருந்து வீட்ஸ வெனேமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் வந்தது. இவற்றுக்கு மாறிய ஊரில் எதிர்முனையில் இருந்தவருக்கு மாற்றம் தெரியவே இல்லை.

ஹாட்மெயில் ரகசியம்

1996 ஜூலை 4 அன்று சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஹாட்மெயிலைத் தொடங்கினார்கள். 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. வாங்கிய பிறகு பார்த்தால், வலை சர்வர்களில் ஓடியது ஃப்ரீபிஎஸ்டி, கடிதம் அனுப்பியது கியூமெயில். விண்டோஸ் விற்கும் நிறுவனத்தின் கடிதங்கள் யூனிக்ஸ் வகைச் சர்வரிலிருந்து போய்க்கொண்டிருந்தன! முன்பக்க வலை சர்வர்களை விண்டோஸ் 2000-க்கு மாற்றவே 2000-ஆம் ஆண்டு ஆனது. நம்மூர் ரெடிஃப்மெயிலிலும் இதே கதைதான். அந்தக் கடிதங்களின் தலைப்பு வரிகளைத் திறந்து பார்த்தவர்கள் கியூமெயில் என்ற பெயரைப் பார்த்திருப்பார்கள்.

கியூமெயிலின் பின்கதை இன்னும் முக்கியம். பாதுகாப்பில் அதற்கு இணை இல்லை என்று பெயர். ஓட்டை கண்டுபிடிப்பவருக்கு 500 டாலர் என்று 1997-இலேயே அறிவித்திருந்தார் பெர்ன்ஸ்டைன். ஆனால் 1998 ஜூனில் வந்த 1.03 பதிப்போடு அவர் நிறுத்திக்கொண்டார். மூல நிரல் எல்லாருக்கும் தெரியும், ஆனால் திருத்திய பதிப்பை வெளியிட அவருடைய உரிமம் அனுமதிக்கவில்லை. ஸ்பேம் பெருகியது, புதிய தேவைகள் வந்தன. ஒட்டுப்போட்டுக்கொண்டே ஓட்டினார்கள். 2007 நவம்பரில் அவர் அதைப் பொதுச் சொத்தாக அறிவித்தார். அதற்குள் பெரும்பாலோர் போஸ்ட்ஃபிக்ஸுக்கும் எக்ஸிமுக்கும் போய்விட்டார்கள். மூல நிரல் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது, அடுத்தவர் எடுத்து வளர்க்க உரிமையும் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

ஆனாலும் கியூமெயில் ஒரு சொத்தை விட்டுப்போனது. அதன் பெயர் மெயில்டிர். பழைய முறையில் ஒருவருடைய கடிதங்கள் எல்லாம் ஒரே நீளக் கோப்பில் இருக்கும். மெயில்டிர் முறையில் ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு. வெறும் கோப்புகள் என்பதால் எந்த மென்பொருளும் படிக்கலாம். 2002-இல் பின்லாந்தில் டிமோ சிராய்னன் எழுதிய டவ்காட் சர்வரும் இந்த முறையைப் படிக்கும். கியூமெயில் ஓய்ந்தது, அதன் பெட்டிகள் அடுத்த மென்பொருளுக்கு அப்படியே கைமாறின.

குரூப்வேர் என்ற புதிய ஆசை

ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் மட்டும் போதுமா? நாட்காட்டி, கூட்ட அழைப்பு, பொது முகவரிப் புத்தகம், யார் எந்த வேலை செய்கிறார் என்ற பட்டியல் எல்லாம் வேண்டும். இவை ஒன்றாகச் சேர்ந்த மென்பொருளைக் குரூப்வேர் என்கிறோம்.

இதன் மூதாதை 1973-இல் இலினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் இருந்த 'நோட்ஸ்'. அதைப் பார்த்து வளர்ந்த ரே ஓஸி உருவாக்கியதுதான் 1989-இல் வந்த லோட்டஸ் நோட்ஸ். 1995-இல் ஐபிஎம் லோட்டஸை வாங்கியது. 1996-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் வந்தது. இந்த இரண்டும்தான் அலுவலக உலகத்தைப் பங்குபோட்டுக்கொண்டன. இதில் ஒரு சுவாரஸ்யம்: 2019-இல் நோட்ஸையும் அதன் டாமினோ சர்வரையும் வேறு சில மென்பொருட்களையும் சேர்த்து 180 கோடி டாலருக்கு ஐபிஎம்மிடமிருந்து வாங்கியது எச்.சி.எல். அதன் நிறுவனர் ஷிவ் நாடார் பிறந்தது திருச்செந்தூர்ப் பக்கம் மூலைப்பொழியில். ஆக, குரூப்வேர் கதையின் தொடக்கமும் இன்றைய அத்தியாயமும் பழைய நெல்லைச் சீமையைத் தொட்டுக்கொண்டுதான் போகின்றன.

எஸ்எம்டிபியில் இருந்த சுதந்திரம் குரூப்வேரில் இல்லை. நாட்காட்டியும் பொதுப் பெட்டிகளும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தரவுத்தளத்துக்குள் இருந்தன. எக்ஸ்சேஞ்சும் அவுட்லுக்கும் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் ஆவணங்கள் 2008-இல்தான் பொதுவெளிக்கு வந்தன. அதுவரை வெளியே இருந்தவர்கள் ஊகித்து ஊகித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. கடிதத்தை மாற்றலாம், பத்து வருட நாட்காட்டியை மாற்றுவதுதான் பெரும்பாடு.

திறந்த மூலத்தின் பதில்

2002-இல் ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் ஒரு வேலை செய்தது. லினக்ஸில் ஓடும் குரூப்வேர் ஒன்றைச் செய்துகொடுங்கள் என்று சில சிறு நிறுவனங்களிடம் பணம் கொடுத்துக் கேட்டது. அதில் பிறந்தது கோலாப். அவர்கள் எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை. போஸ்ட்ஃபிக்ஸ், சைரஸ் ஐமேப், ஓப்பன் எல்டாப், அப்பாச்சி என்று ஏற்கெனவே இருந்தவற்றைக் கோத்தார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, நாட்காட்டிக் குறிப்பையும் ஒரு கடிதம் மாதிரியே ஐமேப் பெட்டிக்குள் போட்டார்கள். மார்க் கிறிஸ்பின் 1986-இல் வடிவமைத்த ஐமேப் திறந்த நெறிமுறை. கோலாப் நாளை இல்லாமல் போனாலும் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்ளலாம்.

2003-இல் இன்னும் இரண்டு நடந்தன. பிஎச்பி குரூப்வேரிலிருந்து பிரிந்து ஈகுரூப்வேர் பிறந்தது. ஸ்கைரிக்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனம் தன் மென்பொருளை ஓப்பன்குரூப்வேர் என்ற பெயரில் திறந்துவிட்டது. இந்த இரண்டாவதன் பயணத்தைப் பாருங்கள். அதிலிருந்து சோகோ கிளைத்தது. கனடாவின் இன்வர்ஸ் அதை எடுத்து வளர்த்தது. 2021-இல் இன்வர்ஸை அகமாய் வாங்கிய பிறகு, அலின்டோ என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் சோகோ வந்து சேர்ந்தது. மூன்று நாடு, மூன்று முதலாளி, ஆனால் மென்பொருள் சாகவில்லை. உரிமம் அனுமதித்ததால் விட்டுப்போனவர் இடத்தில் அடுத்தவர் வந்து உட்கார்ந்தார்.

2007-இல் கால்டேவ் என்ற நாட்காட்டி நெறிமுறை ஆர்எஃப்சி 4791 ஆக வந்த பிறகு, கடிதத்துக்கு ஐமேப் எப்படியோ நாட்காட்டிக்கு அது அப்படி ஆயிற்று.

ஜிம்ப்ரா என்ற எச்சரிக்கை

இந்த இடத்தில் "சரி, திறந்த மூலம் என்று பெயர் போட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்" என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஜிம்ப்ரா கதை அதற்குத்தான்.

2005-இல் ஜிம்ப்ரா வந்தபோது வலை உலாவியில் அப்படி ஓர் அழகான குரூப்வேரை யாரும் பார்த்ததில்லை. உள்ளே போஸ்ட்ஃபிக்ஸ் மாதிரித் திறந்த மூலத் துண்டுகள், மேலே தளுக்கான திரை. பல்கலைக்கழகங்களும் இணைய நிறுவனங்களும் அள்ளிக்கொண்டன. 2007-இல் யாஹூ 35 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-இல் விஎம்வேருக்கு விற்றது. 2013-இல் டெலிஜென்ட், 2015-இல் சைனகோர். எட்டு வருடத்தில் நான்கு கைகள்! 2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து இலவசப் பதிப்புக்குத் தயார்நிலை நிறுவல் கோப்புகளை நிறுவனம் தருவதை நிறுத்தியது. மூல நிரல் இருக்கிறது, வேண்டுமானால் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றது. சின்ன அலுவலகத்தின் சர்வரைப் பகுதிநேரமாகப் பார்த்துக்கொள்பவருக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று யோசியுங்கள்.

ஒரே நிறுவனம் மட்டும் நிரலை எழுதும் திறந்த மூலத்துக்கும், பலர் கூடி எழுதும் திறந்த மூலத்துக்கும் வித்தியாசம் உண்டு. ஆனாலும் ஜிம்ப்ராவில் இருந்தவர்கள் முற்றிலும் மாட்டிக்கொள்ளவில்லை. உள்ளே இருப்பது ஐமேப், கால்டேவ். ஐமேப்சிங்க் மாதிரி ஒரு கருவியை இரவெல்லாம் ஓடவிட்டால் பெட்டி வேறு சர்வருக்குப் போய்விடும்.

தமிழ்க் கடிதங்களுக்கு நேர்ந்தது

நம் மொழியிலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. எஸ்எம்டிபி முதலில் ஏழு பிட் எழுத்துகளுக்காக, அதாவது ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. 1992-இல் மைம் என்ற தரம் வந்த பிறகுதான் மற்ற மொழிகளும் படங்களும் ஒழுங்காகப் போய்ச்சேர வழி பிறந்தது. 1995-இல் பாலா பிள்ளை தமிழ்.நெட் தொடங்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் வந்தது. 1990களின் இறுதியில் மடலாடற்குழு விவாதங்களிலேயே உருவானது டிஸ்கி என்ற எழுத்துக் குறியீடு. 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளை அறிவித்தது. இவை தவிர பத்திரிகைக்கு ஒன்று, டிடிபி கடைக்கு ஒன்று என்று எத்தனையோ தனியார் குறியீடுகள்.

இன்று அந்தக் காலத்துக் கடிதம் ஒன்றைத் திறந்தால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். ஆனால் டிஸ்கியில் எழுதியதை ஒரு நொடியில் யூனிகோடுக்கு மாற்றிப் படித்துவிடலாம். அதன் அட்டவணை எல்லார் முன்னிலையிலும் பேசி முடிவு செய்யப்பட்டது, பொதுவில் இருந்தது. யாரோ ஒருவர் தன் எழுத்துருவோடு பூட்டிவைத்த குறியீட்டில் எழுதியவர்களோ, அந்த எழுத்துரு கிடைக்காவிட்டால் தன் கடிதத்தைத் தானே படிக்க முடியாது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்றபோது இந்தக் குழப்பம் ஓய்ந்தது. மென்பொருள் தேர்வில் தத்துவம் பேசுகிறான் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எல்காட்டும் அரசு ஆணைகளும்

2006 முதல் 2008 வரை சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனத்தின் கணினிகள் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறின. ஓர் அரசு நிறுவனம் துணிந்து செய்ய முடியும் என்று அது காட்டியது. 2007-இல் சென்னை சி-டாக் பாஸ் லினக்ஸை வெளியிட்டது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அது இருந்ததை எங்கள் அண்ணன், அக்காமார் நினைவு வைத்திருப்பார்கள். (எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள் என்று கேட்காதீர்கள்!)

திரையில் லினக்ஸ் வந்தது. கடிதம்? பல அலுவலகங்களில் அரசுக் கடிதங்கள் இலவச வெளிநாட்டு மின்னஞ்சலில்தான் போய்க்கொண்டிருந்தன. 2013-இல் ஸ்னோடன் வெளியிட்ட தகவல்கள் வந்த பிறகுதான் டெல்லி பதறியது. 2015 பிப்ரவரியில் மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை, அரசுப் பணிக்கு என்.ஐ.சி. சேவையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றது. அதே வருடம் திறந்த மூல மென்பொருள் கொள்கையும் வந்தது. 2023-இல் ஜோஹோவோடு ஒப்பந்தம், பிறகு நான் முதலில் சொன்ன மாற்றம்.

ஜோஹோ நம் நாட்டு நிறுவனம், ஆனால் அதன் மூல நிரல் திறந்ததல்ல. 2025-லேயே ஜெர்மனியின் ஷ்லேஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் 40,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளை எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓப்பன்-எக்ஸ்சேஞ்ச், தண்டர்பேர்ட் என்ற திறந்த மூல ஜோடிக்கு மாற்றி முடித்தது. ஒருவர் "நிறுவனம் நம் நாட்டுடையதா?" என்று பார்த்தார், மற்றவர் "நிரல் நம் கையில் இருக்கிறதா?" என்று பார்த்தார். இரண்டுமே நியாயமான கேள்விகள். இரண்டு இடத்திலும் மாற்றம் சாத்தியமானதற்குக் காரணம் ஒன்றுதான். டொமைன் அவர்களுடையது. கடிதங்களைத் தூக்கிக்கொண்டு போக வழி இருந்தது.

நம்மூர் அலுவலகம் ஒன்றுக்கு

சரி, சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளி வியாபாரிகள் சங்கமோ, ஒரு சிறிய கல்லூரியோ இன்று என்ன செய்யலாம்?

சொந்தச் சர்வர் வைக்க ஆசையும் ஆளும் இருந்தால், டெபியன் அல்லது ஃப்ரீபிஎஸ்டி மேல் போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், அதன் மேல் சோகோ. கடிதம் மட்டும் போதுமென்றால் சோகோவுக்குப் பதில் ரவுண்ட்கியூப். தமிழிலேயே முகவரி வேண்டுமென்றாலும் போஸ்ட்ஃபிக்ஸ் 2015-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து அதற்குத் தயார்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. 1995-இல் சர்வரைத் திறந்துவைத்தால் கடிதம் போய்ச்சேரும். இன்று அப்படி இல்லை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று அத்தாட்சிகளை டொமைனில் எழுதிவைக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் மொத்தமாகக் கடிதம் அனுப்புபவர்களுக்கு இந்த மூன்றையும் ஜிமெயிலும் யாஹூவும் கட்டாயமாக்கிவிட்டன. வீட்டு இணைப்பிலிருந்து அனுப்பினால் பெரும்பாலும் ஸ்பேம் பெட்டிக்குத்தான் போகும். மின்வெட்டு, பேக்கப், பாதுகாப்புத் திருத்தங்கள் என்று தினமும் ஒருவர் பார்க்க வேண்டும். ஆளில்லாத அலுவலகம் சொந்தச் சர்வர் வைப்பது, காவல்காரர் இல்லாத கிட்டங்கியில் சரக்கு வைப்பது மாதிரி. அவர்கள் வாடகைச் சேவை எடுப்பதில் எந்தத் தவறும் இல்லை.

எதை எடுத்தாலும் நான்கு கேள்விகள் கேட்டால் போதும் என்று இந்த வரலாறு எனக்குச் சொல்கிறது. டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, அலுவலகத்தின் பெயரிலா, அமைத்துக்கொடுத்த தம்பியின் பெயரிலா? கடிதத்தை ஐமேப் வழியாகவும் நாட்காட்டியை கால்டேவ் வழியாகவும் வெளியே எடுக்க முடியுமா? இதைச் செய்தவர் நாளை விட்டுப்போனால் எடுத்து நடத்த வேறு யாராவது இருக்கிறார்களா, அவர்களுக்கு உரிமம் இடம் கொடுக்கிறதா? கடைசியாக, நிர்வாகக் கடவுச்சொல் ஒரே ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கிறதா?

புதிய சேவையில் முதல் வாரமே ஒரு சோதனைப் பெட்டி தொடங்கி, அதில் நூறு கடிதமும் பத்துக் கூட்ட அழைப்பும் போட்டு, முழுவதையும் இன்னோர் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். ஒரு மதியம்தான் ஆகும். நூறும் பத்தும் அப்படியே போய்ச்சேர்ந்தால் தைரியமாக உள்ளே போகலாம்.

அந்தக் கணக்குப்பிள்ளை அலுவலகம் இப்போது சொந்த டொமைன் வாங்கிவிட்டது. சர்வர் வாடகைதான். கடவுச்சொல்லை ஓர் உறையில் போட்டு ஒட்டி, முதலாளியின் இரும்புப் பெட்டியில் பத்திரத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பழைய கடிதங்கள் மட்டும் இன்னும் வரவில்லை.